வடகிழக்கே நகர்ந்த தோட்டம்

ராசிபுரத்துக்கு மேற்கே, விவசாயி சென்னிமலையின் தோட்டத்துப் பாறையில் போன வருடம் ஆணி அடித்துவிட்டுப் போன ஆராய்ச்சிக்காரப் பெண் ரஞ்சனி, மறுபடியும் கருவியோடு வந்து இறங்கினாள். பூமி அசைவதைச் செயற்கைக்கோள் வைத்து அளப்பது அவள் வேலை.

"அய்யா, உங்க தோட்டம் வடகிழக்கா நகர்ந்திருக்குங்க."

சென்னிமலையின் கண் தானாக அந்தப் பக்கம் போனது. வடகிழக்கில் இருப்பது அண்ணன் காடு. ஆறு மாதத்துக்கு முன்னால், அண்ணன் கருமாதி முடிந்த கையோடு எல்லைக்கல்லை அந்தப் பக்கம் தள்ளி நட்டவர் அவர். அண்ணி பாவாயியோ மோர்ச் சொம்போடு பக்கத்திலேயே நிற்கிறாள்.

"மெல்லப் பேசு சாமி. எவ்வளவுன்னுமா தெரியுது?"

"சுத்தமாத் தெரியுதுங்க. ஆகாசத்துல இருந்து பாக்குதில்லீங்க?"

ஆகாசமே சாட்சிக்கு வந்துவிட்ட பிறகு யாரிடம் பேரம் பேசுவது? சென்னிமலை அண்ணியின் காலில் விழுந்தார். "நங்கையா, நாந்தானுங்க கல்லைத் தள்ளி நட்டேன். அன்னையிலிருந்து சோறு எறங்கலீங்க!"

ரஞ்சனி திகைத்தாள். "எந்தக் கல்லுங்க? நான் சொன்னது மூணு விரக்கடைதானுங்க. இந்தியாவே வருசா வருசம் அந்தப் பக்கம் நகருதுங்க."

சென்னிமலை எழுந்திருக்க வழியில்லாமல் கிடந்தார்.

பாவாயி மோரை ரஞ்சனியிடம் நீட்டிவிட்டு, காலடியில் கிடந்த கொழுந்தனைக் குனிந்து பார்த்தாள். "நாடு போறபடி போவட்டும். கல்லை மட்டும் நீங்க திருப்பி நட்டுருங்க சாமி."