பேச்சுப் பயிற்சி

"சிரிச்ச முகமா இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி," என்றாள் சபிஹா. மதன்குமார் சொன்னான். அவள் நாலு வருஷம் தூக்கம் கெட்டுச் செய்த ஆராய்ச்சி, அவன் வாயிலிருந்து ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது.

திண்டுக்கல்லில் அவள் அத்தா வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீரிலிருந்து, விஷத்தை முறிக்கும் நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்து, சாகவிடாமல் வளர்த்தவள் அவள். அதைக் கேள்விப்பட்ட ஜெர்மனி ஆய்வகம் ஒன்று, வீடியோவில் பேசிப் பார்த்து ஒரு மாணவரை ஆறு மாதம் அழைத்துக்கொள்வதாகச் சொன்னது. அவளுடைய கைடு அசோக்குமார் தன் அக்கா மகன் மதன்குமாரின் பெயரைக் கொடுத்துவிட்டார். போன வருஷம் பிஎச்டி சேர்ந்த அவன் லேப் பக்கம் தலைகாட்டியதே அபூர்வம்.

காரணம் கேட்டதற்கு, "வயசுப் பொண்ணு, அம்புட்டு தூரம் எப்படிம்மா தனியாப் போவ? வீட்டுல விடமாட்டாங்க," என்றார். பேகம்பூரில் அவள் வீட்டிலோ பாஸ்போர்ட்டே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, இன்டர்வியூவுக்கு மதனைத் தயார் செய்யும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்.

இந்த மனுஷனைச் சும்மா விடக்கூடாது என்று சபிஹா பல்லைக் கடித்தாள். தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுத்து அவனைக் கவிழ்த்துவிடு என்று தோழி நர்கீஸ் யோசனை சொன்னாள். சபிஹா காதில் வாங்கவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் திணறாமல் பதில் சொல்ல அவனைப் பழக்கினாள்.

மதனுக்கே ஒரு நாள் மனசு உறுத்தியிருக்க வேண்டும். லேபுக்கு வந்து தானே ஒரு தடவை வளர்த்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான்.

"எதுக்குத் தம்பி இந்த வெயில்ல? பேசுனாப் போதும்."

பேசினான். ஜெர்மனிக்காரர்கள் சொக்கிப்போனார்கள். அசோக்குமார் டிபார்ட்மென்ட் முழுக்க பிரியாணி போட்டார். மதன் மாலையும் கழுத்துமாகக் கிளம்பியபோது சபிஹாவும் சேர்ந்து கைதட்டினாள். ரோஷம் கெட்டவள் என்று நர்கீஸ் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் அசோக்குமார் அவளை அறைக்கு அழைத்தார். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இங்கிருந்து கொண்டுபோன நுண்ணுயிரை எல்லோர் முன்னாலும் வளர்த்துக்காட்டச் சொன்னார்களாம். மதன் கைபட்டதெல்லாம் செத்துப்போனதாம். உண்மையில் இதைச் செய்த ஆளை அனுப்புங்கள், இல்லாவிட்டால் உங்களோடு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்களாம்.

"அவன் திரும்பி வாரான்மா. நீதான் போயி எம் மானத்தக் காப்பாத்தணும்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"வேணும்னா நானே வந்து உங்க அத்தாகிட்டக் கேக்குறேன். ஒடனே கெளம்ப முடியுமாம்மா?"

அவர் கெஞ்சுவதைச் சபிஹா கண் நிறையப் பார்த்தாள்.

"தம்பி பிளைட் ஏறுன அன்னைக்கே பெட்டியக் கட்டிட்டேன் சார்."