நாடி இறங்கினால் கதவு திறக்கும்

பூபதிக்குப் பல வருடச் சர்க்கரை. இதயம் ஓயாமல் வேகமாக அடித்தால் விழித்திரைக்கு ஆபத்து கூடும் என்று டாக்டர் அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். அதை அவருடைய தானியங்கி வீட்டோடும் இணைத்தார்கள். அன்றுமுதல், அவர் நெஞ்சைப் படபடக்க வைக்கும் எதையும் வீடே தள்ளி வைத்தது. டிவியில் கிரிக்கெட்டை நிறுத்தியது, செய்திகளை நிறுத்தியது. அவரும் பொறுத்துக்கொண்டார்.

மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த மனைவி கோகுலவாணி, வாசலில் நின்று, "ஏனுங்க!" என்று கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை.

"மன்னிக்கவும். உங்கள் குரலைக் கேட்டதும் ஐயாவின் நாடி எகிறுகிறது" என்றது கதவு.

எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வாணிக்கு முகம் சிவந்தது. "என்னையக் கண்டா அவ்வளவு பயமாங்க உங்களுக்கு?"

"பயமில்ல வாணி." பூபதி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவித்தார். "நீயில்லாம வீட்டுல இருக்கவே முடியல. வந்துட்டியேன்னு சந்தோசம்..."

"இன்னும் ஏறுகிறது" என்றது கதவு.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. ஆனாலும் முதலில் கதவு திறக்க வேண்டுமே என்று, மேல்தொட்டி ஒழுகுவது, மடிக்காத துணி, அவருடைய அக்கா பேசிய பேச்சு என்று வழக்கமான புலம்பலை ஆரம்பித்தாள். பூபதி வழக்கம்போல "ம்... ம்..." கொட்டினார். நாடி மெல்ல இறங்கியது. கதவு திறந்தது.

வாணி தன் பெட்டியை நிலைப்படிக்குக் குறுக்கே வைத்தாள், கதவு மூட முடியாதபடி. பிறகு அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்:

"மொதல்ல என்னமோ சொன்னீங்களே, அதை இன்னொருக்கா சொல்லுங்க."