பேட்டரி கன்னும் ஆயில் போல்ட்டும்

மண்பாதைப் பந்தயத்துக்குக் கிளம்ப வேண்டிய பைக் அது. பழைய ஆயிலை இறக்கியாயிற்று. இன்ஜின் அடியில் ஆயில் துளையை அடைக்கும் போல்ட்டை மாட்டிப் புது ஆயில் ஊற்றினால் புறப்பட்டுவிடலாம்.

"போல்ட்டு முதல் ரெண்டு மூணு சுற்று விரலாலே போகட்டும்ப்பா. இன்ஜின் அலுமினியம், உள்ளே திருகு மரை மெல்லிசு," என்றது ஸ்பேனர்.

"சக்கர நட்டையே ஒரே மூச்சில் கழட்டினவன் நான். உனக்கு வயித்தெரிச்சல்," என்றது நட்டு முடுக்கும் பேட்டரி கன்.

"அண்ணே, கோணலா நிக்கிறேன்," என்றது போல்ட்.

"இறுக்கினா நேராயிடுவே."

டர்ரென்று ஒரு சத்தம். போல்ட் இறுகிவிட்டது. ஊற்றிய ஆயிலோ சொட்டுச் சொட்டாய்க் கசிந்தது.

கன் திருப்பிச் சுற்றியது. போல்ட்டோடு இன்ஜினின் மரையும் சுருள் சுருளாய் வெளியே வந்தது. தெருவில் மற்ற பைக்குகள் கிளம்பிப் போயின.

"கழட்டினதும் ஒரே மூச்சுதான், பார்த்தியா?" என்றது கன்.