எலும்புக் கம்பெனி

வாடிப்பட்டி ரோட்டோரம், உச்சி வெயிலில், மாட்டெலும்புக் குவியல் வீட்டு உயரத்துக்கு வெளுத்துக் கிடக்கிறது. காற்று அதற்குள் நுழைந்து ஊளையிடுகிறது. செல்லக்கிளி தன் கூடையைக் கவிழ்க்கிறாள். நாலே துண்டுகள் உருள்கின்றன. “இம்புட்டுத்தானா தாயி?” என்கிறார் ஏற்றுமதிக் கம்பெனி ஏஜெண்டு. “முன்னே ஒத்தக் கம்பெனிதான். இந்த வருசம் எங்களையும் சேத்துப் புதுசா நாலு. சீமைக்கு உரமாப் போற எலும்பு மூணு மடங்காயிருச்சு. தூத்துக்குடியில கப்பல் நிக்குது.” “காடு கரையெல்லாம் பொறுக்கியாச்சுய்யா. இனி மாடு செத்தாத்தான்” என்கிறாள். “சாகாமலா போயிரும்?” அவர் முகத்தில் சிரிப்பில்லை. கண்மாய்க்குள் மேய்கிற மாடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்க்கின்றன. முன்னால் நிற்பது அவளுடைய கிழட்டு மயிலைக்காளை. செல்லக்கிளி காலிக் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.