இடது பக்கத்து நாற்காலி

"அங்க வேண்டாம்மா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்று தலைவருக்கு இடது பக்கம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார் அலுவலக மேலாளர்.

தையல்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வந்து உட்கார்ந்தாள்.

நகர மன்றத் தலைவரின் இடது காது போரில் போனது ஊருக்கே தெரியும். பதுங்குகுழி வாசலில் குண்டு விழுந்தபோது பக்கத்தில் இருந்த நண்பன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். இவருக்குக் காதோடு போயிற்று. அந்தக் காதுக்கும் சட்டையில் தொங்கும் பதக்கத்துக்கும்தான் ஊர் ஓட்டுப் போட்டது. ஜெயித்து வந்த பிறகுதான் தெரிந்தது, நாற்காலி மட்டும்தான் இவருக்கு, அதிகாரமெல்லாம் துணைத் தலைவருக்கு என்று.

மேலாளர் பிழைக்கத் தெரிந்தவர். நடக்கிற காரியமாக வருகிறவர்களை வலது பக்கம் உட்காரவைப்பார். நடக்கவே நடக்காது என்று தெரிந்தால் இடது பக்கம். தலைவரின் வலது காதும் கொஞ்சம் மந்தம், இடது பக்கத்துப் பேச்சு அதற்கு எட்டாது. அங்கே உட்கார்ந்து அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெல்லத் தலையாட்டுவார். வந்தவர்களுக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும். வீட்டில் தலைவரின் மனைவிகூட அர்ச்சனையை இடது பக்கம் நின்றுதான் ஆரம்பிப்பார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

"ஐயா, எங்க சந்துல நிக்குதே தண்ணித்தொட்டி, அதோட தூண்ல கைய விடற அளவுக்கு விரிசல்" என்று ஆரம்பித்தாள் தையல்காரி. "முந்தாநாள் ஒரு துண்டு பேந்து விழுந்துச்சு. என் பெரியவ நூலிழையில தப்பிச்சா."

தலைவர் தலையாட்டினார்.

தொட்டியை இடிக்க வேண்டும் என்று அவர் மன்றத்தில் கேட்காமல் இல்லை. தொட்டியைக் கட்டியவர் துணைத் தலைவரின் மச்சான். எல்லோரும் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொள்ள, தூக்கிய கை தலைவருடையது மட்டும்தான். மேலிடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார். போர் வீரர் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். அப்படியே வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் தையல்காரிக்குத் தெரியாது; தெரிந்தாலும் அதனால் தொட்டி விழாமல் இருந்துவிடப் போவதில்லை.

"வேற வீடு பாக்கலாம்னா மாமியார் படுத்த படுக்கை. ராத்திரியில புள்ளைங்கள நடுவுல போட்டு, நானும் அவரும் அதுங்க மேல கவிஞ்ச மாதிரி படுத்துக்கறோம். விழறது எங்க முதுகுல விழட்டும்னு."

கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த மேலாளர் கையை நிறுத்தாமல் உச்சுக்கொட்டினார்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும்யா. கேக்கறவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லியாச்சு, ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. கேக்காதவர்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடறேன்." அவள் பதக்கத்தைச் சுட்டிக் காட்டினாள். "சண்டையில எத்தனையோ பேரைக் காப்பாத்தினீங்களாமே, எங்க புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஒண்ணும் செய்ய முடியாதுன்னா அந்தப் பதக்கத்தை எதுக்குய்யா மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

அப்போதும் தலைவர் தலையாட்டினார். அவ்வளவு நேரம் பேசியதில் அவளுக்குத் தொண்டை கம்மிவிட்டது. "காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணிகூட இறங்கல" என்று தரையைப் பார்த்துத் தனக்குள் முணுமுணுத்தாள்.

தலைவர் மேஜையிலிருந்த தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாத்தீங்களா, பட்டாளத்துக் கண்ணு! முகத்தைப் பாத்தே புரிஞ்சுக்குவாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார் மேலாளர். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் போன கையோடு பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து காது டாக்டரம்மா வந்து நின்றார். முன்னாள் வீரர்களுக்குக் காது மெஷின் கொடுக்கிறார்களாம். இடது நாற்காலிக்கு வேலை போய்விடுமே என்று மேலாளருக்கு முகம் சுண்டியது. அவரைவிடத் தலைவருக்குத்தான் அதிகம் சுண்டியது.

"எனக்கு எதுக்கும்மா? காலம் போன காலத்துல..."

"சும்மா இருங்க சார். நாங்களே தேடி வந்திருக்கோம், வேண்டாங்கறீங்களே" என்ற டாக்டர், மேலாளரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இடது காதுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது.

"வலது காதை விரலால நல்லா அடைச்சுக்குங்க." டாக்டர் அவருக்குப் பின்னால் போய் நின்று, இடது பக்கமாகக் கிசுகிசுப்பாக நாலைந்து கேள்விகள் கேட்டார். தலைவர் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதே கிசுகிசுப்பில் டாக்டர் சொன்னார்: "சார், கால்கிட்ட பூரான்."

தலைவரின் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பின.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "செவிப்பறை ஆறி எத்தனையோ வருஷம் ஆயிருக்கும் சார்! இந்தக் காதுல ஒரு குறையும் இல்ல. இருங்க, வெளிய நிக்கறவர்கிட்ட நல்ல சேதியச் சொல்லிட்டு வந்துடறேன்."

குண்டு மழையிலும் இடத்தைவிட்டு அசையாத மனுஷர் என்று பேரெடுத்தவர், நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து ஓடிக் கதவை மறித்தார். சத்தம் வெளியே போகாதபடி குரலை அடக்கிக்கொண்டார்.

"சொல்லிடாதீங்க டாக்டரம்மா... கேக்கும்னு தெரிஞ்சா, அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."