பவுனு செய்த பர்கர்

செல்வி சமையலறைக்குள் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பவுனுவின் தோளில் இருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள் சுபாஷிணி. "அச்சா, சரி பவுனு, நாலு மணி. மறந்துடாதே" என்று சொல்லிவிட்டுக் கடையின் முன்பக்கம் போனாள்.

"என்னடி நாலு மணிக்கு?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்லக்கா. மேடம் குர்காவ்ல புதுக்கடை போடறாங்கல்ல, அந்த பார்ட்னர் சாப்பிட வர்றாராம். மட்டன் பர்கர் செய்யச் சொன்னாங்க."

"ஒன்னையா?"

பவுனு பன்னுக்குப் பிசைந்த மாவின் மேல் ஈரத்துணியை இழுத்து மூடினாள்.

குர்காவ் கடைப் பேச்சு ஒரு மாதமாகவே அந்தச் சமையலறையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அங்கே கிச்சனை யார் பொறுப்பில் விடுவது என்று மட்டும் மேடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்காமலே தெரிந்துவிட்டது.

செல்வி பத்து வருஷம் மயூர் விஹாரில் சுபாஷிணியின் அம்மா வீட்டில் சமைத்தவள். வசந்த் விஹார் மார்க்கெட்டில் இந்த பர்கர் கடையைத் திறந்த அன்றே கூட வந்தவள். கறியை மெஷினில் போடாமல் கையால் கொத்தச் சொன்னது அவள்தான். வெங்காயத்தைச் சிறு தீயில் ஒரு மணி நேரம் சுருள வதக்கி அதன்மேல் வைத்ததும் அவள்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சுபாஷிணியே அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

பவுனு நேற்று வந்தவள். முனிர்காவில் வேலை தேடிக்கொண்டிருந்தவளைப் பாத்திரம் கழுவக் கூட்டிவந்ததே செல்விதான். இரண்டு வருஷத்தில் அடுப்பைப் பிடித்துவிட்டாள். கஸ்டமர்கள் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்து, "பவுனு ஜி, ஏக்தம் பர்ஃபெக்ட்!" என்று கட்டைவிரலை உயர்த்துகிறார்கள்.

பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தபோதும் நடுவில் நின்றது பவுனு. ஓரத்தில் செல்வியின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. சட்டம் போட்டு வாசலருகே மாட்டியிருந்த அந்தப் படத்தை செல்வி தினமும் பார்க்காமலே கடந்து வந்தாள். பார்க்காமல் கடப்பதுதான் இன்னும் எரிந்தது.

"அக்கா, ரேஷன் கார்டுல ஒம்பேரு வெறும் செல்வியா, தமிழ்ச்செல்வியா?"

"எதுக்குக் கேக்கற?"

"மேடம் ஏதோ எழுதணும்னாங்க."

"தமிழ்ச்செல்வி" என்றாள் வெடுக்கென்று. சீட்டைக் கிழிக்கத்தான் முழுப்பெயர் கேட்கிறார்களோ?

மூன்றரை மணிக்கு, காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வந்த இளங்கறியைப் பவுனு கொத்தத் தொடங்கினாள். கொழுப்பு அளவாகச் சேர்த்தாள். மிளகையும் சோம்பையும் வறுத்துப் பொடித்துப் போட்டாள். அத்தனையும் செல்வியின் கைப்பக்குவம். என்கிட்ட கத்துக்கிட்டதை வெச்சே என்னை ஓரங்கட்டப் போறாளே என்று நினைத்தாள் செல்வி.

"பன்னு வெந்திருக்கும், எடுத்துட்டு வந்துடறேன். இதைக் கொஞ்சம் பாத்துக்கக்கா" என்று பவுனு பின்கட்டுக்குப் போனாள்.

உப்பு டப்பாவுக்குள் கை போனபோது செல்வி எதையும் யோசிக்கவில்லை. ஒரு பிடி அள்ளிப் போட்டாள். போதாது என்று தோன்றியது. இன்னொரு பிடி. நன்றாகக் கலந்து, முன்பு இருந்தபடியே தட்டிவைத்தாள். பச்சைக் கறியை யாரும் ருசி பார்ப்பதில்லை.

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலையில் சிக்கி, பார்ட்னர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். பவுனு கல்லில் கறியை வாட்டி, வெங்காயத்தை வைத்து, சுடச்சுடத் தட்டை அனுப்பினாள். செல்வி கண்ணாடிக் கதவருகே போய் நின்றுகொண்டாள்.

அவர் ஒரு கடி கடித்தார். இரண்டு முறை மென்றார். பிறகு டிஷ்யூவை வாயருகே கொண்டுபோனார். ஒரு தம்ளர் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். சுபாஷிணி பதறி எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

எத்தனையோ நாளாகக் கனன்றுகொண்டிருந்தது செல்விக்குள் சில்லென்று அணைந்தது.

சுபாஷிணி உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. பவுனு ஓடினாள். "மேடம், நான் அளவாத்தான் போட்டேன். சத்தியமா..."

"அவர் முடியாதுன்னுட்டார். உப்பு போடவே தெரியாதவங்களை நம்பி ஒரு கிச்சனை எப்படிக் கொடுக்கறதுன்னு கேக்கறார். குர்காவுக்கு வேற செஃப் கொண்டுவர்றாராம். பாத் கதம், எல்லாம் முடிஞ்சுது."

பவுனு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். செல்வி அருகில் குனிந்து அவள் தலையைத் தடவினாள். இப்போது அவள்மேல் இரக்கப்படக்கூட முடிந்தது.

"விடு புள்ள. ஒனக்கென்ன வயசா போயிடுச்சு? குர்காவ் இல்லேன்னா இன்னொண்ணு. அடுத்த வாட்டி நீதான் ஹெட்டு."

சுபாஷிணி அவளைப் புரியாமல் பார்த்தாள். "பவுனுவா? அவ அப்பவே வேண்டாம், அக்காவுக்கே கொடுங்கன்னுட்டா. விஷயம் தெரிஞ்சா அக்கா பதறிடும், அக்காகிட்ட சொல்லாதீங்க, அக்கா பண்ற மாதிரியே நான் பண்ணித் தரேன்னு சொன்னதே அவதான்."

பவுனுவின் தலைமேல் செல்வியின் கை அப்படியே நின்றது.

"உன் பர்கர்னு சொல்லித்தான் கொடுத்தேன், செல்வி."