டயர் மேல் சாவி

எபினேசர் படகில் போகும் நாட்களில் கார் சாவியை முன்டயர் மேல் வைத்துவிட்டுத்தான் போவான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த அன்றும் சாவி அங்கேயே இருந்தது. அவன் மட்டும் கிடைக்கவில்லை.

இப்போது அவன் மனைவி மார்கரெட்தான் அந்தக் காரில் மீன்காரப் பெண்களைப் பொன்னேரிக்கு ஏற்றிப்போகிறாள். சாயங்காலம் திரும்பியதும் சாவியை டயர் மேல் வைத்துவிடுவாள். காலையில் டிரைவர் சீட் பின்னால் தள்ளியிருக்கும். எபினேசர் நல்ல உயரம். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கிளம்புவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னா அண்ணி, சாவிய இப்டி வெச்சிட்டுப் போறியே? எவனாவது வண்டிய எத்துனு போய்ட்டா?" என்று கொழுந்தன் ரூபன் ஒருநாள் சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டான்.

மறுநாள் காலை சீட் அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. அன்று அவள் சவாரி போகவில்லை. நேராக ரூபன் வீட்டுக்குப் போனாள்.

"சாவியக் குடுத்துடு ரூபா. அவுரு வந்தா தேடுவாரு."

ரூபன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தான். அவள் அதைப் பழையபடி டயர் மேல் வைத்தாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். டயர் மேல் சாவி இல்லை. கார் ஸ்டார்ட்டில் நின்றிருந்தது. டிரைவர் சீட் பின்னால் தள்ளியிருந்தது. பக்கத்து சீட்டின் கதவு, அவள் ஏறி உட்காருவதற்காகத் திறந்திருந்தது.